மங்கலதேவி மலைக்கு ஒரு பயணம்: கணக்கோடு போவோம், ஒண்ணாப் போவோம்

(சாத்தூரில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதும் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



இந்த வருசச் சுற்றுப்பயணம் எங்கே என்று எல்லாக் குழுவிலும் கேட்டு எழுதி வரச் சொல்லியிருந்தோம். குற்றாலம் என்று சிலர், கொடைக்கானல் என்று சிலர், வேளாங்கண்ணி என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதிகமான குழுக்கள் எழுதியிருப்பது ஒரே பெயர்தான். மங்கலதேவி கண்ணகி கோட்டம். மலை உச்சியில் இடிந்து கிடக்கிற ஒரு பழைய கோயிலுக்குப் போக வேண்டும் என்று இத்தனை பேர் ஆசைப்படுவதைப் பார்த்து எங்களுக்கு ஆச்சரியம், சந்தோசம் இரண்டும்தான்.

ஆனால் இது குற்றாலம் போவது மாதிரி இல்லை. நினைத்த அன்றைக்கு வண்டி பிடித்துப் போக முடியாது. வருசத்தில் ஒரே ஒரு நாள்தான் திறப்பார்கள். காடு, மேடு, வெயில், கூட்டம் எல்லாம் உண்டு. ஆகையால் இன்றைக்கே பேசி, இன்றைக்கே திட்டம் போட்டு, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் ஆனால்தான் நடக்கும். களப்பணியாளர்கள் நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம். முடிவு உங்களுடையது.

அந்தக் கோட்டம் எங்கே இருக்கிறது?

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் தாண்டினால் லோயர் கேம்ப். அங்கே இருந்து மேலே ஏறினால் குமுளி. அதற்குப் பக்கத்தில், தமிழ்நாடும் கேரளாவும் சேருகிற மலை முகட்டில், வண்ணாத்திப்பாறைப் பகுதியில் இந்தக் கோட்டம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கும் மேலே. நம்ம ஊர் மேட்டுக்காட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் சமவெளிதான். அங்கே நின்றால் ஒரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாகக் கீழே கிடக்கும். மறுபக்கம் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு.

சாத்தூரிலிருந்து விருதுநகர், திருமங்கலம், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, கம்பம் வழியாகப் போக வேண்டும். ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வேனில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

கோட்டம் என்றால் பெரிய கோபுரம், தெப்பக்குளம் என்று நினைத்துப் போக வேண்டாம். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய சன்னதிகள். மதில் சரிந்து கிடக்கிறது. கற்கள் அங்கங்கே புல்லுக்குள் விழுந்து கிடக்கின்றன. பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடிப் போய், 1963-ல் இந்த இடத்தைக் கண்டு, சிலப்பதிகாரம் சொல்லுகிற கண்ணகி கோட்டம் இதுதான் என்று வெளியுலகத்துக்குச் சொன்னார். அதற்கு முன்னாலும் மலைச்சனங்களுக்கும் கம்பம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அந்த இடம் தெரியும். மங்கலதேவி என்று கும்பிட்டு வந்திருக்கிறார்கள்.

இடம் யாருடையது என்று இரண்டு மாநிலத்துக்கும் நெடுநாளாகத் தகராறு உண்டு. அதில் நாம் போய் நுழைய வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு நாள் தமிழ்ப் பூசையும் நடக்கிறது, மலையாளப் பூசையும் நடக்கிறது. இரண்டு பக்கத்துச் சனமும் வரிசையில் நின்று கும்பிடுகிறது. நமக்கு அது போதும்.

கதையை நம்ம கண்ணால் பார்ப்போம்

கண்ணகி கதை எல்லோருக்கும் தெரியும். சினிமாவில் பார்த்திருப்போம், கூத்தில் கேட்டிருப்போம். மதுரையை எரித்தாள் என்பதோடு பல பேர் கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் கொஞ்சம் பார்ப்போம்.

பிழைப்புத் தேடிப் புருசனோடு ஊர் விட்டு ஊர் வந்தவள் கண்ணகி. மதுரையில் அவளுக்குச் சொந்தம் கிடையாது, செல்வாக்கு கிடையாது. சிலம்பை விற்கப் போன கோவலனைத் திருடன் என்று ஒரு பொற்கொல்லன் கைகாட்டினான். ராசா விசாரிக்கவே இல்லை. ஆளைக் கொன்றாகிவிட்டது.

அப்போது அந்தப் பெண் என்ன செய்தாள்? அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. நேராக அரண்மனை வாசலுக்குப் போனாள். கையில் ஒரு சிலம்பு இருந்தது. "என் சிலம்புக்குள் மாணிக்கம் இருக்கிறது" என்றாள். "எங்கள் சிலம்பில் முத்து" என்றான் பாண்டியன். உடைத்துப் பார்த்தார்கள். மாணிக்கம் தெறித்தது. ராசா தான் செய்தது தப்பு என்று உணர்ந்து அங்கேயே உயிரை விட்டான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவள் கோபத்தோடு மட்டும் போகவில்லை. ஆதாரத்தோடு போனாள். தன் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து போனாள். அந்த ஒற்றைச் சிலம்பு கையில் இல்லையென்றால் வாசல் காவலனே அவளைத் துரத்தியிருப்பான்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறோம் என்றால், நம்ம பகுதிக்கு இது கதை இல்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்கு முன்னாலும் விபத்து உண்டு, பின்னாலும் உண்டு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் குடும்பத்துப் பெண்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைவதைப் பார்க்கிறோம். "உன் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் பல பேர் கையில் ஒன்றும் இருப்பதில்லை. வேலை அட்டை இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. இ.எஸ்.ஐ. எண் தெரியாது. பயராபீசில் பத்து வருசம் உழைத்திருப்பார், ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

ஆகவே இந்தப் பயணத்துக்கு நாங்கள் ஒரு நிபந்தனை முன்வைக்கிறோம். பயணத்துக்குப் பேர் கொடுக்கிற ஒவ்வொரு உறுப்பினரும் அதற்கு முன்னால் தன் வீட்டில் ஒரு கோப்பு தயார் செய்ய வேண்டும். தான், தன் கணவர், வேலைக்குப் போகிற பிள்ளைகள், இவர்களுடைய வேலை அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. மற்றும் பி.எஃப். எண், தொழிலாளர் நல வாரிய அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வாரிசுதாரர் பேர் எழுதிய விவரம், எல்லாம் ஒரே பையில். இல்லாதது எது என்று பட்டியல் போட்டால் அதை வாங்குவதற்கு நாங்கள் கூட வருகிறோம். கண்ணகியைப் பார்க்கப் போகிறவர்கள் அவள் கையில் இருந்த சிலம்பு மாதிரி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவோம்.

கதையின் பின்பாதியும் முக்கியம். மதுரையை விட்டுக் கிளம்பிய கண்ணகி வைகைக் கரையைப் பிடித்து மேற்கே நடந்தாள். பதினாலு நாள் நடந்து மலையேறி, ஒரு வேங்கை மரத்து நிழலில் நின்றாள். அவளைப் பார்த்து விவரம் கேட்டு, தெய்வம் என்று கொண்டாடியது மலைக்குறவர்கள்தான். அவர்கள் போய்ச் சேர ராசாவிடம் சொன்னார்கள். சேரன் செங்குட்டுவன் இமயமலையில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கொண்டுவந்து சிலை வைத்தான். விழாவுக்கு இலங்கை ராசா கயவாகுவும் வந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றைக்கும் இலங்கையில் சிங்களவர்கள் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். மட்டக்களப்புத் தமிழர்கள் கண்ணகை அம்மன் என்று கும்பிடுகிறார்கள். திருவனந்தபுரம் ஆற்றுக்காலில் லட்சக்கணக்கான பெண்கள் கூடிப் பொங்கல் வைக்கிறார்களே, அங்கேயும் கண்ணகி கதைதான் சொல்கிறார்கள்.

"நாங்க வரலாமா?"

சில குழுக்களில் இந்தக் கேள்வி வந்தது. கணவரை இழந்த உறுப்பினர்கள் கேட்டார்கள். அந்தக் கோயிலில் பெண்களுக்கு வளையலும் மங்கல நாணும் பிரசாதமாகக் கொடுப்பது வழக்கமாயிற்றே, நாங்கள் வந்தால் யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று கேட்டார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்டது பெரிய கேள்வி.

அந்த மலையில் இருக்கிற தெய்வம் யார்? புருசனைப் பறிகொடுத்தவள். அதுவும் அநியாயமாகப் பறிகொடுத்தவள். அவள் வாசலுக்கு, அதே மாதிரி இழந்த ஒரு பெண் வரக்கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? நம் குழுவில் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. வேறு யாராவது சொன்னால் பக்கத்தில் நிற்கிற நாம்தான் பதில் சொல்ல வேண்டும். வளையல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் பேத்திக்குக் கொண்டுவாருங்கள். அது உங்கள் விருப்பம். எங்கள் கருத்து, முதல் வண்டியில் முதல் இருக்கை இந்த அக்காமார்களுக்குத்தான். இதைத் தீர்மானமாகவே எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று, வீட்டில் விடுவார்களா என்பது. கல்யாணம், காதுகுத்து, இழவு, ஆஸ்பத்திரி, இதற்கெல்லாம் போகிறோம். நமக்காக, நாமே திட்டம் போட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கினது நம்மில் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் கூட்டத்தில் பாதிக் கை கூட எழும்பாது. ஒளித்துக் கேட்க வேண்டாம். கெஞ்சவும் வேண்டாம். பயணத் திட்டம், வேன் எண், தங்குமிடம், கூட வருகிறவர்கள் பேர், திரும்புகிற நேரம், எல்லாம் எழுதிய ஒரு தாளை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுப்போம். விவரம் கையில் இருந்தால் பேச்சு குறையும். மாமியார், மதினி யாராவது வர ஆசைப்பட்டால் இடம் இருக்கிறதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு வீட்டில் சமைக்க, பிள்ளைகளைப் பார்க்க ஆண்களும் ஒரு நாள் பழகட்டும்.

ஒரே நாள், இரண்டு பாதை

சித்திரா பௌர்ணமி அன்றைக்கு மட்டும்தான் திறப்பு. தேதி வருசா வருசம் மாறும். 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. காலண்டரில் பார்த்து இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில்தான் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஆகையால் வண்டிக்குக் கிராக்கி இருக்கும், பஸ்ஸில் கூட்டம் தாங்காது. வேனை ரொம்ப முன்கூட்டியே பேசி முன்பணம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

தேனி மாவட்ட நிர்வாகமும் இடுக்கி மாவட்ட நிர்வாகமும் சில வாரத்துக்கு முன்னால் கூடிப் பேசி நேரம், ஜீப் கட்டணம், கட்டுப்பாடு எல்லாம் அறிவிப்பார்கள். பேப்பரில் வரும். அந்த அறிவிப்பு வந்ததும் நம் திட்டத்தை ஒருதடவை சரிபார்க்க வேண்டும். பொதுவாகக் காலை 6 மணிக்கு விடத் தொடங்குகிறார்கள். பிற்பகலோடு மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள். பொழுது சாயுமுன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மேலே தங்கக் கூடாது.

முதல் பாதை, குமுளியிலிருந்து காட்டுக்குள் ஜீப்பில் போவது. சுமார் 14 கிலோமீட்டர். மண் பாதை, குலுக்கல் அதிகம். அனுமதி பெற்ற ஜீப்பில் மட்டும் ஏற வேண்டும். அறிவித்த கட்டணத்துக்கு மேலே கொடுக்க வேண்டாம். அளவுக்கு மேலே ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது பாதை, லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவது. ஆறு கிலோமீட்டருக்கு மேலே. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடக்கிறவர்கள் "இதென்ன பெரிய தூரம்" என்று நினைக்கலாம். அது சமதளம், இது செங்குத்து. சதுரகிரி ஏறினவர்களைக் கேளுங்கள், வித்தியாசம் சொல்வார்கள். ஏறுவதற்கு மட்டும் மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மேலே போகப் போக மரம் குறைந்து புல்வெளி. நிழல் இருக்காது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். பிற்பகலில் திடீரென்று இடி மின்னலோடு கோடை மழையும் வரலாம்.

எங்கள் யோசனை இது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், மூட்டு வலி, வீசிங், பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் நடைப்பாதை வேண்டாம். இவர்களில் ஜீப்பில் போகலாமா என்பதையும் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் அந்தக் குலுக்கலில் போகாமல் இருப்பதே நல்லது. தெம்புள்ளவர்கள் மட்டும் நடக்கலாம். நடக்கிறவர்கள் பத்துப் பேருக்கு ஒரு தலைவி, கடைசி ஆளாக ஒருத்தி. கடைசியில் வருகிறவளுக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக் கூடாது.

பணத்துக்கு என்ன செய்வது?

இதுதான் முக்கியமான விசயம். பயணத்துக்காகக் கந்து வட்டிக்கோ நுண்கடன் கம்பெனியிலோ ஒரு ரூபாய் கூடக் கடன் வாங்கக் கூடாது. குழுவின் சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன், எதிலும் கை வைக்கக் கூடாது. அது பிள்ளை படிப்புக்கும், ஆட்டுக்கும், அவசர வைத்தியத்துக்கும் உள்ள பணம். பயணத்துக்குத் தனிச் சேமிப்பு, தனி நோட்டு, தனி வரவு செலவு.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறோம். தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான். உண்மையான வாடகையை நீங்கள் மூன்று இடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருபது பேர் ஒரு வேனில் போவதாக வைத்துக்கொள்வோம்.

வேன் வாடகை – 14,000 ரூபாய்
கம்பத்தில் ஒரு ராத்திரி மண்டபம் – 3,000 ரூபாய்
ஜீப், ஆளுக்கு 300 வீதம் – 6,000 ரூபாய்
சாப்பாடு, ஆளுக்கு 250 வீதம் – 5,000 ரூபாய்
முதலுதவி, அவசரச் செலவு – 2,000 ரூபாய்
ஆக மொத்தம் – 30,000 ரூபாய்

இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1,500. பத்து மாதம், மாதம் 150 ரூபாய்.

கணக்கு முடிந்ததா? முடியவில்லை. ஒரு செலவை யாருமே எழுதவில்லை. முதல் நாள் மத்தியானம் கிளம்பி, மறுநாள் ராத்திரி திரும்புகிறோம். இரண்டு நாள் கூலி போகும். நாளுக்கு 400 என்று வைத்தால் 800 ரூபாய். அந்த வாரச் சனிக்கிழமை சம்பளத்தில் அது குறையும்போதுதான் வீட்டில் சண்டை வரும். அதனால் அதையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். 1,500-உம் 800-உம் சேர்ந்து 2,300. பத்து மாதத்துக்கு மாதம் 230. நம் உழைப்புக்கு விலை உண்டு என்று நாமே கணக்கில் எழுதினால்தான் மற்றவர்களும் எழுதுவார்கள்.

ராத்திரியே கிளம்பி நேராகப் போனால் மண்டபச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம் ஆகுமே என்று சிலர் கேட்டீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர், மறுநாள் தூக்கமில்லாமல் நம்மைத் திருப்பிக் கூட்டி வருவார். 1,000 ரூபாய்க்கும் குறைவான மிச்சத்துக்காக இருபது உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கம்பத்தில் தங்கினால் குளித்து, கழிப்பறை வசதியோடு, வெள்ளெனக் கிளம்பலாம். டிரைவரும் தூங்குவார்.

பஞ்சசூத்திரம் இதற்கும் பொருந்தும். மாதா மாதம் கூட்டத்தில் பயணம் பற்றிப் பேச வேண்டும். தவறாமல் சேமிக்க வேண்டும். ஒருத்தி ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் தாங்கிப் பிடித்து, அவள் பிறகு திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் நோட்டில் கையெழுத்து வேண்டும். கடைசி நேரத்தில் வர முடியாதவர்களுக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். பயணம் முடிந்த பிறகு மனஸ்தாபம் வருவது இந்த ஒரு விசயத்தில்தான்.

உடம்பும் பையும்

நாலாயிரம் அடி உயரத்தில் மூச்சுக்காற்று குறைந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். அது இமயமலைக்காரர்கள் கவலை. நம் கவலை வேறு. நம்மில் பல பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மருந்து அறையில் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு இறுக்கமும் இருமலும் இருக்கிறது. உட்கார்ந்தே தீப்பெட்டி ஒட்டி முழங்கால் பிடித்துப்போயிருக்கிறது. ஆகையால் பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம், பிரஷர், சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாங்கி வீட்டு மாடாக்குழியில் வைக்காமல் சாப்பிட வேண்டும். வாரம் மூன்று நாள் ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் நடங்கள். பயணம் நடக்காமலே போனாலும் இந்த மூன்றும் லாபம்தானே.

காட்டுக்குள் பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பாட்டில் விடமாட்டார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தூக்குவாளியில் புளியோதரை. சாத்தூர்ச் சேவு இல்லாமல் நம் சனம் எங்கேயும் போகாது. அதைக் கவரில் இருந்து எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். அசைவம் கூடாது. மது கூடாது. தீப்பெட்டி, கற்பூரம், பட்டாசு எதுவும் பையில் இருக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற நாம் ஒரு குச்சி கூட இல்லாமல் போக வேண்டும். சித்திரை மாதத்துக் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பருத்திச் சேலை அல்லது சுடிதார், பின்பக்கம் வார் உள்ள செருப்பு, தலைக்குத் துண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை. நாப்கின் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி நம்மைக் கேட்டு வருவதில்லை. அந்த நாளில் போகலாமா என்பது அவரவர் மனசு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

மலையில் எல்லா இடத்திலும் செல்போன் எடுக்காது. ஆளுக்கு ஒரு சீட்டில் பேர், ஊர், ரத்த வகை, வீட்டு எண், நம் தலைவி எண் எழுதி இடுப்புப் பையில் வைக்க வேண்டும். 108 ஆம்புலன்சும் 181 பெண்கள் உதவி எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. அது யானைக்காடு.

கல்லுக்கும் மரியாதை

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே மலைமேல் சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் மச்சு பிச்சு என்று இன்கா சனங்கள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஊர் இடிந்து கிடக்கிறது. அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து, முன்கூட்டியே சீட்டு வாங்கினவர்களைத்தான் விடுகிறார்கள். அத்தனை பேர் கால் பட்டால் கல் தாங்காது என்பதுதான் காரணம். மங்கலதேவிக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே சரிந்த மதில் மேலே ஏறிப் போட்டோ எடுக்க வேண்டாம். கல்வெட்டில் மஞ்சள் குங்குமம் தடவ வேண்டாம். பேர் கிறுக்க வேண்டாம். சின்னக் கல்லாக இருந்தாலும் ஞாபகத்துக்கு என்று எடுத்து வர வேண்டாம். நமக்குத் தீர்மான நோட்டு எப்படியோ, அந்த ஊருக்கு அந்தக் கல்லெழுத்து அப்படி.

திரும்பும் வழியில் லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரியில் திறந்தது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த என்ஜினியருக்கு அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றைக்கும் நன்றி சொல்கிறார்கள். நேரம் இருந்தால் இறங்கிப் பார்க்கலாம். கூடலூர், கம்பம் தோட்டத்தில் பன்னீர் திராட்சை கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே போதும், பொம்மைக்கடையில் காசை விட வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு குழுவும் பயணம் வருகிறவர்கள் பட்டியலையும், ஜீப்பா நடையா என்பதையும் எழுதித் தர வேண்டும்.

2. பயணச் சேமிப்புக்குத் தனி நோட்டுப் போட்டு, முதல் மாதத் தொகை வசூலித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

3. பணம் திருப்பித் தருவது பற்றியும், கணவரை இழந்த உறுப்பினர்களுக்கு முதலிடம் தருவது பற்றியும் தீர்மானம் எழுத வேண்டும்.

4. ஒவ்வொருவரும் வீட்டுக் கோப்பில் இருப்பது எது, இல்லாதது எது என்று பட்டியல் கொண்டுவர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவார்.

5. மூன்று வேன்காரர்களிடம் வாடகை கேட்டு எழுதி வருகிற பொறுப்பை ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் ஏற்க வேண்டும். ஆண்களிடம் விடாமல் நீங்களே போய்ப் பேசுங்கள்.

இதில் நாலாவதை யாரும் தள்ளிப் போட வேண்டாம். வேன் கிடைக்காமல் போகலாம். அன்றைக்கு மழை கொட்டி மேலே விடாமல் போகலாம். அப்படி ஆனாலும் அந்தக் கோப்பு நம் வீட்டில் இருக்கும்.

பத்து மாதம் இருக்கிறது. பைய நடந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.